பழைய காரின் பவர் ஸ்டீயரிங் ஆயில்: அப்படியே விடுவதா, சிரிஞ்சா, ரிட்டர்ன் ஹோஸா, மெஷினா?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். போன ஆடியில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனபோது, பாதி மலை ஏறிய பிறகு எங்கள் வண்டி ஒவ்வொரு வளைவிலும் முனக ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்வரை 'ஊ...' என்று இழுக்கும் சத்தம், நேராக்கினால் அடங்கிவிடும். 2008 மாடல் டீசல் வண்டி, 1,86,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மேலே நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தேன். பவர் ஸ்டீயரிங் ஆயில் அளவு கோட்டுக்குள்தான் இருந்தது. நிறம்தான் சரியில்லை. செக்கச்சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில், சுண்டக் காய்ச்சிய கஷாயம்போல் கறுத்து லேசான கருகல் வாசம் அடித்தது.

ஊருக்கு இறங்கியதும் ஆளுக்கொரு யோசனை. "இத்தன வருசமா நல்லாத்தானே ஓடுது கண்ணு, கை வைக்காம விடு. புது ஆயில் ஊத்துனா பழைய சீலெல்லாம் ஒழுக ஆரம்பிச்சிரும்" என்றார் அப்பா. நாமக்கல்லில் லாரி ஸ்டீயரிங் வேலையே கதியென்று இருக்கும் பட்டறை அண்ணன், "ரிட்டர்ன் ஹோஸக் கழட்டி மொத்தமா வடிச்சிடலாங்க, அரை நாள் வேலை" என்றார். ஒரு சர்வீஸ் நிலையத்தில் மெஷின் வைத்துக் கழுவித் தருவதாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மாமா, மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்சு ஒன்று வாங்கிவந்து டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டுப் புதிதை ஊற்று, நாலைந்து தடவை செய்தால் போதும் என்றார்.

நான்கில் எதுவும் முட்டாள்தனமான யோசனை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் வண்டி ஒன்று உண்டு. எங்கள் வண்டிக்கு எது என்று முடிவெடுக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. வயதான வண்டி வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்குச் சிரிஞ்சு முறைதான் சரி என்பது என் முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு முன்னால் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள், முறையைவிடப் பெரியவை. ஒன்று, வண்டியில் கசிவு இருக்கிறதா. இன்னொன்று, எந்த ஆயில்.

அதற்கும் முன்னால், உங்கள் வண்டியில் இந்த ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்விஃப்ட், ஐ10 போன்றவற்றில் மின்மோட்டார்தான் ஸ்டீயரிங்குக்கு உதவுகிறது. அங்கே ஆயிலே கிடையாது. குவாலிஸ், முதல் தலைமுறை இன்னோவா, பழைய ஸ்கார்பியோ, ஃபோர்டு ஐகான், ஆக்சென்ட், 2003-க்கு முந்தைய ஹோண்டா சிட்டி போன்றவற்றில் பானெட்டுக்குள் ஸ்டீயரிங் படம் போட்ட மூடியுடன் ஒரு சின்ன டப்பா இருக்கும். இந்தக் கட்டுரை அந்த வண்டிகளுக்கு.

அந்த ஆயில் என்ன வேலை செய்கிறது

இன்ஜின் பெல்ட்டில் ஓடும் ஒரு பம்பு, டப்பாவிலிருந்து ஆயிலை இழுத்து அழுத்தக் குழாய் வழியாக, முன் சக்கரங்களை இடமும் வலமும் தள்ளும் ஸ்டீயரிங் ரேக்குக்கு அனுப்புகிறது. ரேக்கின் தலையில் ஒரு வால்வு. அதற்குள் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்தக் கம்பி கொஞ்சம் முறுகும். அந்தச் சிறு முறுக்கு வால்வைத் திறந்து, எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துக்கு ஆயிலைத் தள்ளும். ரேக்குக்குள் இருக்கும் பிஸ்டனை ஆயில் தள்ள, சக்கரம் திரும்புகிறது. வேலை முடிந்த ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்புகிறது. மொத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில்தான், பல கார்களில் அதற்கும் குறைவு.

அந்த ஒரு லிட்டர்தான் அழுத்தத்தைக் கடத்துகிறது, பம்பின் இதழ்களுக்கு உயவு கொடுக்கிறது, சூட்டை வெளியே கொண்டுபோகிறது, ஆயில் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான சீல்களை இளக்கமாக வைக்கிறது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தால் ஆயில் போக இடமில்லாமல் பம்புக்குள்ளேயே சுற்றும், அழுத்தம் உச்சத்துக்குப் போகும், சூடு மளமளவென்று ஏறும். ஒடித்த நிலையில் லேசாக ஒரு சத்தம் வருவது அதனால்தான். அது எல்லா வண்டியிலும் உண்டு, நோய் இல்லை. பாதி திருப்பும்போதே முனகினால்தான் கவனிக்க வேண்டும். மலைப்பாதையில் முழு ஒடிப்பில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கடைசியிலிருந்து ஒரு விரற்கடை விட்டுப் பிடித்தாலே பம்புக்குப் பெரிய நிம்மதி.

இன்ஜின் ஆயிலுக்கு ஃபில்டர் மாற்றுகிறோம். இதற்கு அப்படி எதுவும் இல்லை. டப்பாவின் அடியில் ஒரு சல்லடை வலை இருந்தால் அதுதான் எல்லாம். உள்ளிருந்து தேயும் குழாய் ரப்பர், பம்பு தேயும் இரும்புப் பொடி, சூட்டில் கெட்ட ஆயில் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கறுப்பு நிறம். பல கம்பெனிகளின் கையேட்டில் இதை மாற்ற ஒரு கெடுவே போட்டிருக்காது, அளவு பார்க்கச் சொல்வதோடு நின்றுவிடும். புது வண்டிக்கு அது போதும். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் போதாது என்பது என் கருத்து.

முதலில் கசிவு

பவர் ஸ்டீயரிங் ஆயில் எரிந்து தீர்வதில்லை, ஆவியாவதும் இல்லை. டப்பாவில் அளவு குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. மாதம் ஒரு முறை கொஞ்சம் ஊற்றிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் வண்டிக்கு இந்த நான்கு முறைகளில் எதுவும் வேண்டாம், முதலில் ஒழுகலை நிறுத்த வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள் அதிகம் இல்லை. அழுத்தக் குழாயில் இரும்பும் ரப்பரும் சேரும் இடம். பம்பின் கப்பி பின்னால் இருக்கும் சீல். ரிட்டர்ன் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப். கடைசியாக, ரேக்கின் இரண்டு முனையிலும் துருத்திபோல் இருக்கும் ரப்பர் உறை. அந்த உறையைக் கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே சளக் என்று ஆயில் தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது. பணத்தை ரேக் வேலைக்கு எடுத்து வையுங்கள். அந்த வேலையின்போது பழைய ஆயில் தானாக வெளியே வந்துவிடும், தனியாக மாற்றும் கேள்வியே இல்லை.

சீலை வீங்க வைத்து ஒழுகலை அடைக்கும் மருந்து பாட்டில்களும் கடையில் கிடைக்கின்றன. வியர்வைபோல் கசியும் சீலுக்கு அது சில மாதம் கைகொடுக்கலாம். கிழிந்த சீலுக்கு எதுவும் செய்யாது. விற்கப்போகும் வண்டிக்கு இதை ஊற்றிக் கொடுப்பது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வண்டியில் வெளியே ஒரு சொட்டு இல்லை. உறைகள் காய்ந்து இருந்தன. அதனால்தான் அடுத்த கேள்விக்கே போக முடிந்தது.

எந்த ஆயில்: இங்கேதான் வண்டிகள் கெடுகின்றன

டப்பாவின் மூடியைப் படியுங்கள். பல வண்டிகளில் மூடியிலேயே அச்சடித்திருக்கும். அழிந்திருந்தால் கையேடு. இரண்டும் இல்லையென்றால் அந்தக் கம்பெனியின் உதிரிபாகக் கடையில் மாடலும் வருடமும் சொல்லிக் கேளுங்கள். நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

டொயோட்டா போன்ற பல பழைய ஜப்பானிய வண்டிகள் கேட்பது டெக்ஸ்ரான் 2 அல்லது 3. இது தானியங்கி கியர் பெட்டிக்கு ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த தரம். கடையில் ஏடிஎஃப் என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் சிவப்பு ஆயில்தான். கியர் பெட்டி ஆயிலை ஸ்டீயரிங்கில் ஏன் ஊற்ற வேண்டும் என்று எனக்கும் சந்தேகம் வந்தது. குளிரிலும் சூட்டிலும் அளவாக இளகும் தன்மை, நுரை கட்டாமை, தேய்மானத் தடுப்பு, ரப்பருக்குக் கேடு செய்யாமை ஆகிய நாலும் அதில் ஏற்கெனவே இருந்தன, ஊரெங்கும் கிடைத்தது, அதனால் ஸ்டீயரிங் செய்தவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆயிலுக்கென்று தனிச் சிறப்பான உராய்வுப் பக்குவம் கிளட்ச் தட்டுகளுக்காகச் சேர்ப்பது, ஸ்டீயரிங்குக்கு அதனால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம்வரை அந்தப் பக்குவத்துக்குச் சேர்த்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். திமிங்கில வேட்டைப் பொருளுக்குத் தடை வந்த பிறகுதான் மாற்று ரசாயனம் தேடி டெக்ஸ்ரான் 2 வந்தது. ஒரு காரின் ஆயில் டப்பாவுக்கும் கடல் பிராணிக்கும் இப்படியொரு தொடர்பு இருந்ததைப் படித்த அன்று வெகு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டெக்ஸ்ரான் 3-க்கான உரிமத்தை ஜெனரல் மோட்டார்ஸ் எப்போதோ நிறுத்திவிட்டது. இப்போது அதன் பெயரில் விற்பவை 'டெக்ஸ்ரான் 3 தேவைக்குப் பொருந்தும்' என்று அந்தந்தக் கம்பெனி பொறுப்பில் எழுதியவை. பெயர் பெற்ற கம்பெனியுடையதாக வாங்கினால் பயமில்லை. அடுத்து வந்த டெக்ஸ்ரான் 6 இன்னும் இளகலானது. புது கியர் பெட்டிக்கு அது நல்லது. பம்பு தேய்ந்து இடைவெளி விழுந்த பழைய வண்டிக்கு நான் 3 வகையையே ஊற்றுவேன்.

ஹோண்டா கதை வேறு. பழைய சிட்டி ஹோண்டாவின் சொந்த பவர் ஸ்டீயரிங் ஆயிலைத்தான் கேட்கும். கையில் கிடைத்த ஏடிஎஃப்பை ஊற்றி ஓட்டினால் சீல்கள் கெட்டு முனகலும் ஒழுகலும் வரும். ஹூண்டாயின் பழைய ஆக்சென்ட் பிஎஸ்எஃப்-3 என்ற குறியைக் கேட்கிறது. முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா போன்ற ஐரோப்பிய வண்டிகளில் இருப்பது பச்சை நிற ஹைட்ராலிக் ஆயில். அது சிவப்போடு கலக்கக் கூடாத இனம். விலை கூடுதல்தான், ஆனால் அங்கே மாற்றுவழி இல்லை.

எல்லாவற்றிலும் மோசமானது பிரேக் ஆயிலை மாற்றி ஊற்றிவிடுவது. இரண்டு டப்பாவும் பானெட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வண்டிகள் உண்டு. பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. ஸ்டீயரிங் சீல்கள் மினரல் ஆயிலுக்குச் செய்தவை, கிளைக்கால் பட்டால் ஊதிப்போய்க் கொழகொழப்பாகும். அப்படி ஊற்றிவிட்டது தெரிந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. டப்பாவோடு நின்றிருந்தால் உறிஞ்சி எடுத்துத் தப்பிக்கலாம். ஓட்டிவிட்டால் பம்பு, ரேக், ஹோஸ் எல்லாம் பிரிக்கும் வேலை. மறுபக்கமும் அதே ஆபத்து. பிரேக் டப்பாவில் ஸ்டீயரிங் ஆயில் போனால் பிரேக்கே போய்விடும். டப்பாவைத் திறக்கும் முன் மூடியில் உள்ள படத்தைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திறக்கிறேன். பிறருக்கும் அதையே சொல்கிறேன்.

கை வைக்காமல் விடுவது

அப்பா சொன்ன பயம் அவர் ஒருவருடையது இல்லை, பாதி ஊர் சொல்வதுதான். பழைய அழுக்குதான் சீலை அடைத்துக்கொண்டிருக்கிறது, புது ஆயில் அதைக் கரைத்துவிட்டால் ஒழுகும் என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. விறைத்துப்போன சீலைச் சுற்றிப் படிந்திருக்கும் கசடு ஒழுகலை மறைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சீல் ஏற்கெனவே போய்விட்ட சீல். கறுத்த ஆயிலில் இருக்கும் இரும்புப் பொடி தினமும் அதைத் தேய்த்துக்கொண்டேதான் இருக்கிறது. மாற்றியதால் ஒழுகியது என்று சொல்லப்பட்ட வண்டிகளைப் பற்றி பட்டறை அண்ணனிடம் கேட்டேன். பெரும்பாலும் தப்பான ஆயில் ஊற்றியவைதான், அல்லது மருந்து கலந்து அலசியவை என்றார். என் வாசிப்பும் அதோடு ஒத்துப்போகிறது.

ஆகவே விட்டுவிடலாமா என்பதை ஆயிலே சொல்லட்டும். வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு விடுங்கள். ரோஜா நிறமாகப் பரவினால் விட்டுவிடுங்கள், வருடம் ஒரு முறை பாருங்கள். தேன் நிறம் என்றால் அவசரம் இல்லை, அடுத்த சர்வீஸில் செய்துகொள்ளலாம். நடுவில் கருப்புப் புள்ளியாக நின்று சுற்றிலும் மண் நிறமாகப் பரவினால் மாற்றுவதே நல்லது. விரலில் தேய்த்து நரநரப்பு பாருங்கள். மின்னும் தூள் தெரிந்தால் பம்பு தேய்கிறது, ஆயில் மட்டும் அதைக் காப்பாற்றாது.

ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆயிலைக் குறை சொல்லவும் வேண்டாம். டயரில் காற்றுக் குறைவு, தளர்ந்த பெல்ட், காய்ந்துபோன பால் ஜாயின்ட் (பந்து மூட்டு) எல்லாம் அதே கனத்தைக் கொடுக்கும். கீச்சென்று கத்தினால் பெல்ட். முனகினால் பம்பு.

சிரிஞ்சு முறை

50 மில்லி சிரிஞ்சு, அதன் முனையில் மீன்தொட்டிக்கு வைக்கும் மெல்லிய டியூப் ஒரு முழம், பழைய தண்ணீர் பாட்டில், கை துடைக்கப் பனியன் வேஸ்ட். இவ்வளவுதான் சாமான். டப்பாவைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிட்டு மூடியைத் திறந்து, உள்ளிருப்பதை உறிஞ்சி பாட்டிலில் விட்டு, அளவுக்கோடு வரை புதிது ஊற்ற வேண்டியது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இருபுறமும் நாலைந்து முறை மெதுவாகத் திருப்பினால் புதிதும் பழையதும் கலந்துவிடும். மறுபடி உறிஞ்சலாம். அல்லது நான் செய்ததுபோல் இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு அடுத்த சுற்று செய்யலாம்.

எத்தனை சுற்று என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மொத்தம் 1 லிட்டர், டப்பாவிலிருந்து ஒரு முறைக்கு 350 மில்லி எடுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் பழையது 65 சதவீதம் மிச்சம். இரண்டாவதில் 42, மூன்றாவதில் 27, நான்காவதில் 18, ஐந்தாவதில் 12. ஐந்து சுற்றுக்கு ஆகும் ஆயில் 1 லிட்டர் 750 மில்லி. அதற்கு மேல் போவது வீண். ஆறாவது சுற்றில் வெளியே எடுக்கும் 350 மில்லியில் பெரும்பகுதி ஏற்கெனவே ஊற்றிய புது ஆயில்தான். டப்பா சின்னதாக, 200 மில்லிதான் வருகிறது என்றால் இந்த முறை இழுபறியாகிவிடும். ஐந்து சுற்று முடிந்தும் மூன்றில் ஒரு பங்கு பழையதே நிற்கும்.

இதன் பெரிய பலம், எந்தக் குழாயையும் கழற்றாததுதான். 15 வருடம் இன்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் டப்பாவில் குழாய் மாட்டும் மூக்கு எவ்வளவு உடையக்கூடியது என்பது கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜாக்கி வேண்டாம், உள்ளே காற்றுப் புகாது, இடையில் நிறுத்தினாலும் வண்டி ஓடும். பலவீனம், வலையிலும் டப்பாவின் அடியிலும் படிந்த கசடு அப்படியே இருக்கும். உறிஞ்சும்போது டியூப் முனை வலையைக் குத்திக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிரிஞ்சு மருத்துவத்துக்குத் திரும்பப் போகாதபடி அன்றே அதன்மேல் 'ஆயில்' என்று எழுதி வைத்துவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இது கட்டாயம்.

ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றுவது

முழுமையில் இதுதான் முதலிடம். ரேக்கிலிருந்து திரும்பி வரும் ஆயில் டப்பாவுக்குப் போகாமல் நேராக வெளியேறுவதால் புதிதும் பழையதும் அதிகம் கலப்பதில்லை. ஒன்றரை முதல் இரண்டு லிட்டருக்குள் ஏறக்குறைய எல்லாமே புதிதாகிவிடும். கையோடு டப்பாவைக் கழற்றிக் கழுவலாம், வலை அடைத்திருந்தால் டப்பாவையே மாற்றலாம்.

செய்முறையில் ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பம்பு சாவது அங்கேதான். முன் சக்கரங்களைத் தூக்கி இருபுறமும் ஸ்டாண்டு கொடுத்து (வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே கை நீட்டவே கூடாது), ஹோஸைக் கழற்றி பாட்டிலில் விட்டு, டப்பாவின் மூக்கை அடைத்த பிறகு, சிலர் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பம்பையே துப்பவிடுவார்கள். வேகமாக முடியும். ஆனால் அந்தப் பம்பு நிமிடத்துக்குப் பல லிட்டர் தள்ளுவது. டப்பாவில் இருக்கும் 350 மில்லி சில விநாடிகளில் காலியாகிவிடும். ஊற்றுகிறவர் கை ஒரு கணம் தாமதித்தால் பம்பு வறண்டு சுற்றும், காற்றை விழுங்கும். இன்ஜினை அணைத்து, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். ரேக்கின் பிஸ்டனே பம்பாக வேலை செய்து பழையதை வெளியே தள்ளும். நேரம் கூடுதல் ஆனாலும் எதுவும் கெடாது. தனியாளாகச் செய்ய முடியாத வேலை.

ஹோஸை மாட்டிய பிறகு ஏர் எடுக்க வேண்டும். இன்ஜின் அணைத்த நிலையிலேயே இருபது முறை கடைசிக்குக் கடைசி திருப்பி, அளவு சரிபார்த்து, பிறகு ஸ்டார்ட் செய்து மீண்டும் மெதுவாகத் திருப்புங்கள். டப்பாவில் ஆயில் ரோஸ் மில்க் மாதிரி நுரைத்து வெளுத்திருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. அணைத்து அரை மணி நேரம் விட்டு மறுபடி செய்ய வேண்டும். இன்ஜினை அணைத்ததும் டப்பாவில் அளவு சட்டென்று மேலேறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் உள்ளே அமுங்கியிருந்த காற்று இப்போது விரிகிறது என்று அர்த்தம்.

லாரி பட்டறைக்காரர்கள் இந்த முறையை விரும்புவதில் ஆச்சரியம் இல்லை. பவர் ஸ்டீயரிங்கே கனரக வண்டிக்காகப் பிறந்தது. 1920-களில் இதை உருவாக்கிய ஃபிரான்சிஸ் டேவிஸ், பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் இன்ஜினியராக இருந்தவர். விற்பனைக்கு வந்த காரில் அது ஏறியது 1951-ல், கிரைஸ்லர் இம்பீரியலில். கனரக ஸ்டீயரிங் பெட்டியையே தினமும் பிரித்து மாட்டும் கைகளுக்கு ஒரு ஹோஸைக் கழற்றுவது பெரிய விஷயமில்லை. அப்படிப்பட்ட கை உங்கள் ஊரில் இருந்தால், ஆயில் கறுத்திருந்தால், தாராளமாக இதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கிளாம்பைத் திரும்ப மாட்டாமல் புதிது போடச் சொல்லுங்கள்.

மெஷின்

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. மெஷின் ரிட்டர்ன் ஹோஸில் இணைகிறதா, டப்பாவின் வாயில் குழாய் விட்டு உறிஞ்சுகிறதா? இரண்டாவது என்றால் அது பெரிய சிரிஞ்சுதான். அதற்குக் கொடுக்கும் கூலி உங்கள் நேரத்துக்கான விலை, அதில் தப்பில்லை. ஆனால் கூடுதல் சுத்தம் கிடைக்கும் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். அடுத்த கேள்வி, என்ன ஆயில்? பெரிய டிரம்மிலிருந்து எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில் என்றால், அது உங்கள் மூடியில் எழுதியிருப்பதோடு பொருந்துகிறதா என்று தாளில் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். நீங்கள் வாங்கிக் கொடுக்கும் சீல் பிரிக்காத பாட்டிலை ஊற்றச் சம்மதிக்கிற இடம் நல்ல இடம். முன்னதாக அலசும் ரசாயனம் ஒன்றைக் கலப்போம் என்றால், பழைய வண்டிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கரைப்பானில் மிச்சம் கொஞ்சம் உள்ளே தங்கிப் புது ஆயிலோடு கலக்கும். அப்பாவின் பயம் நிஜமாவது அங்கேதான்.

எங்கள் வண்டிக்கு நடந்தது

டப்பா பெரியது, கசிவு இல்லை, பிளாஸ்டிக் மூக்கு மஞ்சளித்து விறைத்திருந்தது. சிரிஞ்சு என்று முடிவெடுத்தேன். டெக்ஸ்ரான் 3 வகை ஆயில் இரண்டு லிட்டர் வாங்கினேன். பத்து நாளில் ஐந்து சுற்று. முதல் சுற்றில் வந்தது கறுப்பு, மூன்றாவதில் செம்மண் தண்ணீர், ஐந்தாவதில் பார்த்தால் சிவப்பு என்று சொல்லலாம். பாட்டில்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது அப்பாவே, "இதுவா உள்ள ஓடிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார்.

முனகல் இரண்டாம் சுற்றிலேயே பாதி குறைந்தது. முழுதாகப் போகவில்லை. விடிகாலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு நிமிடம் முனகியது. ஆயிலை இன்னும் இரண்டு சுற்று மாற்றலாமா என்று யோசித்தேன். பட்டறை அண்ணன் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் குழாயைக் காட்டினார். அது உறிஞ்சும் பக்கம். அங்கே அழுத்தம் கிடையாது, இழுப்புதான். கிளாம்ப் தளர்ந்தால் ஆயில் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் சத்தம் மட்டும் வந்தது. ஒரு சாண் நீளக் குழாயும் இரண்டு கிளாம்பும் மாற்றினார். காலை முனகல் அன்றோடு நின்றது. உங்கள் வண்டியில் ஆயில் சுத்தமாக இருந்து, அளவும் குறையாமல் சத்தம் மட்டும் வருகிறது என்றால் அந்தக் குழாயில் தொடங்குங்கள். எந்த முறையில் ஆயில் மாற்றினாலும் அது தீராது.

எடுத்த பழைய ஆயிலைப் பாட்டில்களில் அடைத்துப் பட்டறையில் கொடுத்தேன். அங்கே கழிவு ஆயில் வாங்கிப் போகிறவர் மாதம் ஒரு முறை வருவார். சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்ற வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊர்களில் அது நேராக நம்மிடமே வரும்.

கடைசியாக மூடியைத் துடைத்து ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினேன். மூடியில் இருந்த அச்சு பாதி அழிந்துபோயிருந்தது. அடுத்து யார் கை வைத்தாலும் வேறு எதையும் ஊற்றிவிடக் கூடாது. அப்பா பேனாவை வாங்கி அவர் கையெழுத்தில் எழுதினார்: 'டெக்ஸ்ரான் 3 மட்டும். 1,86,900 கி.மீ.'